ஷாட் நன்றாக இருக்கிறது, படம் ஒட்டவில்லை: மாணவர் குறும்படக் கோளாறுகளைத் தேடிப் பிடிக்கும் வழி

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாணவர்கள் ஹார்டு டிஸ்க்கும் கையுமாக என் எடிட்டிங் அறைக்கு வருகிறார்கள். சிலர் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு, சிலர் திரைப்படக் கல்லூரி டிப்ளமா, சிலர் நண்பர்களோடு காசு சேர்த்து முதல் குறும்படத்தை எடுத்தவர்கள். கதைகள் வேறுவேறாக இருந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றே. இவர்களுடைய ஆரம்பப் பயிற்சிகளையும் நான் பார்த்திருக்கிறேன்: ஒரு நிமிட மௌனப் படம், இருவர் பேசும் ஒரு சீன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம். எல்லாவற்றையும் நன்றாகவே செய்திருப்பார்கள். பயிற்சியில் ஒரு ஷாட் தனியாக நின்றே மதிப்பெண் வாங்கிவிடும். படத்தில் அது முன்னால் வருவதோடும் பின்னால் வருவதோடும் ஒட்டியாக வேண்டும். கீழே சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஒட்டு விட்டுப்போன இடங்கள்.

உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு கூடிய காரணம் வரை வரிசையாக வைத்திருக்கிறேன். தயவுசெய்து வரிசையைத் தாண்டாதீர்கள். கடன் வாங்கி டப்பிங் தியேட்டரைப் பதிவு செய்த பிறகு, பழுது தன் ஹெட்ஃபோனில்தான் இருந்தது என்று தெரிந்து அழுத ஒரு மாணவியை எனக்குத் தெரியும்.

## எதற்கும் முன் ஒரு சோதனை

கோளாறு தெரியும் ஷாட்டின் மூலக் கோப்பைத் தேடி எடுங்கள். எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, விஎல்சி போன்ற ஒரு பிளேயரில், வயர் உள்ள ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

மூலத்தில் கோளாறு இல்லையா? அப்படியானால் அது எடிட்டில் நுழைந்திருக்கிறது. டைம்லைன் அமைப்பு, ப்ராக்ஸி (எடிட் சுலபமாக ஓடச் செய்துகொண்ட சிறிய நகல்), கை தவறிப் போட்ட எஃபெக்ட், எக்ஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைசா செலவில்லை.

மூலத்திலேயே இருக்கிறதா? அது படப்பிடிப்பில் பிறந்தது. தொடர்ந்து படியுங்கள்.

தனித்தனி ஷாட்டுகள் சரியாக இருந்து, சேர்த்து ஓட்டும்போது மட்டும் உறுத்துகிறதா? ‘கட் குதிக்கிறது’, ‘படம் இழுக்கிறது’ ஆகிய பகுதிகளுக்கு நேரே போய்விடுங்கள்.

## அறிகுறி: வசனம் புரியவில்லை

இதை முதலில் வைத்தது வேண்டுமென்றேதான். படம் சற்று மங்கினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்கிறார். வசனம் கேட்காவிட்டால் கைபேசியை எடுத்துவிடுகிறார். இயக்குநருக்கு மட்டும் இந்தக் குறை எப்போதும் கடைசியாகத்தான் தெரியும். வசனம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருப்பதால், காதில் விழாததையும் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது.

சோதனை: திரைக்கதையைப் படிக்காத ஒருவரிடம் காகிதமும் பேனாவும் கொடுங்கள். திரையைப் பார்க்காமல் ஒரு சீனைக் கேட்டு, காதில் விழுந்த வசனத்தை எழுதச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்ட வரிகளை மட்டும் சரிசெய்தால் போதும்.

### கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டால்

மைக் தொலைவில் இருந்திருக்கிறது. நம் வீடுகளின் ஹால் என்பது சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, வெற்றுக் கூரை. குரல் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பும். கேமராவின் மேல் பொருத்திய மைக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், எட்டடி தள்ளியிருந்தால் அது அறையைத்தான் பதிவு செய்யும்.

முதலில், அதே வசனத்தின் மற்ற டேக்குகளைக் கேளுங்கள். குளோசப் எடுக்கும்போது மைக் நெருங்கி வந்திருக்கும். அந்த டேக்கின் குரலை எடுத்து வைட் ஷாட்டின் உதட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே நடிகர் ஒரே நாளில் பேசியது என்பதால் பாதி வரிகளாவது பொருந்திவிடும். மாணவர்கள் பலருக்கு இந்த வழி தோன்றுவதே இல்லை.

படப்பிடிப்பு இன்னும் மீதம் இருந்தால் ஒரு பூம் கம்பும், அதைப் பிடிக்க அக்கறையுள்ள ஒரு நண்பரும் போதும். சட்டகத்தின் விளிம்பு வரை மைக்கை இறக்குங்கள். கேமராவுக்குத் தெரியாத பக்கங்களில் ஜமுக்காளம், போர்வை, மெத்தை என்று கிடைத்ததைத் தொங்கவிடுங்கள். லேப்பல் மைக் என்றால் நெஞ்சில், மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே. பட்டுப் புடவை உரசுகிறதா என்று டேக்குக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

### பின்னால் இரைச்சல் என்றால்

இரைச்சல் இரண்டு வகை. மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஏசி, மின்சார ஹம் ஆகியவை ஒரே சீராக ஓடுபவை. மென்பொருளால் பெருமளவு குறைத்துவிடலாம். கொஞ்சமாகக் குறையுங்கள், முழுவதும் நீக்கப் போனால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். ஆட்டோ ஹாரன், நாய்க் குரைப்பு, ஆடி மாத ஒலிபெருக்கி ஆகியவை திடீரென்று எழுபவை. வசனத்தின் மேலேயே விழுந்திருந்தால் நீக்குவது கடினம். இரண்டு சொற்களுக்கு நடுவில் விழுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலியை, வைத்து நிரப்பலாம்.

ரூம் டோன் எடுத்திருக்கிறீர்களா? எடுக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஷாட் முடிந்ததும், யாரும் அசையாமல், ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். எல்லாரும் களைத்து, சாப்பாட்டுக்குப் பறக்கும் நேரம் அது. அப்போது ‘ஒரு நிமிடம் அமைதி’ என்று சொல்லும் துணிச்சல்தான் எடிட்டில் உங்களைக் காப்பாற்றும். எடுக்கத் தவறியிருந்தால், ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னால் ஓடிய சில நொடிகளைப் பொறுக்கிச் சேருங்கள்.

ஃபிரிட்ஜை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. வீடு கொடுத்தவர்களின் பாலும் மாவும் கெடாது, அடுத்த முறையும் அந்த வீடு கிடைக்கும்.

### உரத்துப் பேசும்போது கரகரவென்று உடைந்தால்

பதிவு அளவு உச்சியைத் தாண்டிவிட்டது. மிக உரத்த ஒலியையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் பதிந்திருந்தால் அளவைக் கீழே இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் குரல் மீண்டுவிடும். சாதாரணப் பதிவில் உடைந்தது உடைந்ததுதான். அடுத்த முறை ஒத்திகையில் நடிகரை உச்சக் குரலில் பேசவைத்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபெலுக்கு அருகில் நிற்கும்படி வையுங்கள்.

### எப்போது ஆளை அழைப்பது

மற்ற டேக் உதவவில்லை, இரைச்சலும் போகவில்லை என்றால் டப்பிங். தமிழ் சினிமா பல காலமாக டப்பிங்கில் பழகியது, அதனால் நம் ஊரில் இதற்கு நல்ல கைகள் உண்டு. ஒரு வரியை மட்டும் டப் செய்தால் அது எண்ணெய் போல மிதந்து தெரியும். முழு சீனையும் செய்யுங்கள். இடத்தில் பதிந்த மோசமான ஒலியை அழித்துவிடாதீர்கள். டப்பிங்கில் நடிகர் கேட்டுப் பேசும் வழிகாட்டி ஒலி, அதாவது பைலட் டிராக், அதுதான். நடிகர் எங்கே மூச்சு வாங்கினார் என்பதும் அதில்தான் இருக்கிறது.

## அறிகுறி: உதடும் குரலும் ஒட்டவில்லை

முதல் கேள்வி: ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்களா? வயர் ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகியிருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும். கிளாப் இருந்தால் பலகை மூடும் ஃபிரேமையும் ‘டக்’ என்ற முனையையும் சேருங்கள். இல்லையென்றால் கதவு மூடுவது, டம்ளர் வைப்பது, ‘ப’, ‘ம’ என்று உதடு மூடும் சொற்கள் ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கைபேசியில் எடுத்ததா? கைபேசிகள் பல, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்கின்றன. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேமராவில் 23.976 என்றும் டைம்லைனில் 24 என்றும் இருக்கிறதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மென்பொருள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வைத்துப் படத்தை வேகப்படுத்தினால், சுமார் 42 நொடிகளுக்கு ஒரு ஃபிரேம் விலகும், பத்து நிமிட டேக்கில் அரை நொடிக்கு மேல். குரலே சற்று மெலிந்தோ தடித்தோ ஒலிக்கிறதா? 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று மென்பொருள் தவறாகப் படித்திருக்கலாம். ரெக்கார்டரை எப்போதும் 48-இல் வையுங்கள்.

இதற்கு ஆளை அழைக்கத் தேவையில்லை. ஓர் இரவு உட்கார்ந்தால் தீரும்.

## அறிகுறி: திரையில் பட்டை ஓடுகிறது, விளக்கு மினுக்குகிறது

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை வராது. 24 ஃபிரேமில் எடுத்தாலும் 1/50 பொருந்தும். கைபேசியும் சில கேமராக்களும் தாமாக 1/60-க்குப் போய்விடுகின்றன. கையால் கட்டுப்படுத்தும் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது கேமரா மெனுவில் 50 ஹெர்ட்ஸ் என்ற அமைப்பைத் தேடுங்கள்.

1/50 வைத்தும் ஓடினால் ஜெனரேட்டர் மின்சாரமா என்று பாருங்கள். அதன் ஓட்டம் சரியாக 50-இல் நிற்பதில்லை. கோயில் திருவிழாவின் சீரியல் பல்புகளும் மலிவான எல்இடிகளும் எந்த ஷட்டருக்கும் அடங்காமல் போகலாம். பத்து நொடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு சீனைத் தொடங்குங்கள்.

எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால், மினுக்கலைக் குறைக்கும் பிளக்இன்கள் உண்டு. இலேசான மினுக்கல் அடங்கும். முகத்தின் மேலேயே பட்டை ஓடினால் மறுபடி எடுப்பதுதான் மலிவு.

## அறிகுறி: ஒரே சீனில் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறுகிறது

எல்லா ஷாட்டும் சாம்பல் பூசியது போல் இருந்தால் பதற வேண்டாம். பிறகு நிறம் திருத்த வசதியாக, வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கேமராவுக்கு உரிய லட் (LUT) என்ற நிற மாற்றக் கோப்பைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஷாட்டுக்குள்ளேயே நிறம் நகர்ந்தால் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்திருக்கிறது. அடுத்த படப்பிடிப்பில் முதல் வேலை அதை எண்ணில் பூட்டுவது: பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், குண்டு பல்புக்கு 3200.

முகத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி பச்சை என்றால் ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் மோதுகின்றன. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் பிடியுங்கள். பயிற்சியிலேயே இதைக் கற்றிருப்பீர்கள். ஆனால் அங்கே ஒரு ஷாட் மட்டும்தான். பத்து ஷாட் உள்ள சீனில் சூரியன் உங்களுக்காக நிற்காது. அதனால் வெளிச்சம் நிறையத் தெரியும் வைட் ஷாட்டுகளை அனைத்தையும் முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு, சூரியன் நகர்ந்த பிறகு சமாளிக்கக்கூடிய குளோசப்புகளைப் பின்னால் வையுங்கள். திரைக்கதை வரிசைப்படி எடுக்கும் மாணவர்கள்தான் நிறம் மாறிய சீனோடு என்னிடம் வருகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகம் இருண்டு போயிருக்கிறது என்று வந்து, ‘கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள்’ என்று கேட்கிறார்கள். கரிய முகம் இருண்டு தெரிவதற்குக் காரணம் முகத்தின் நிறம் இல்லை. பின்னால் வெள்ளைச் சுவரை வைத்து, அந்தச் சுவருக்கு எக்ஸ்போஷர் வைத்ததுதான் காரணம். நடிகரைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் கொண்டுவாருங்கள், முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், பக்கவாட்டில் ஒரு பெரிய மெல்லிய வெளிச்சம் கொடுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி வழுக்கி ஓடும். கரிய தோலுக்கு உள்ள அந்த அழகைத் திரையில் காண எனக்குத் தீராத ஆசை. நிறத் திருத்தத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் வேலையை நான் செய்வதில்லை.

கலரிஸ்ட்டிடம் எப்போது போவது? எடிட் முழுவதும் பூட்டிய பிறகுதான், அதற்கு முன் ஒரு நாளும் வேண்டாம். ஒரு கட் நகர்ந்தாலும் வேலை இரட்டிக்கும், காசும் இரட்டிக்கும்.

## அறிகுறி: கட் குதிக்கிறது

இருவர் பேசுகிறார்கள். ஷாட்டுகள் அழகாக இருக்கின்றன. சேர்த்தால் ஏதோ இடறுகிறது, என்னவென்று சொல்ல முடியவில்லை.

சோதனை: ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கட் இடறும் இடத்தில் நிறுத்தி, கட்டுக்கு முந்தைய ஃபிரேமையும் பிந்தைய ஃபிரேமையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: பார்வை எந்தப் பக்கம், கை எங்கே, ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்.

### இருவரும் ஒரே பக்கம் பார்த்தால்

லுக் தவறிவிட்டது. அம்மா வலப்பக்கம் பார்த்தால் மகன் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இருவரும் வலப்பக்கம் பார்த்தால் மூன்றாவது ஆள் ஒருவரிடம் பேசுவது போல் ஆகிவிடும். இருவருக்கும் நடுவே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியிருக்கிறது.

இலவசத் தீர்வு, ஒரு ஷாட்டைக் கண்ணாடியில் போல இடவலமாகத் திருப்புவது. திருப்புவதற்கு முன் சட்டகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைப் பலகையில் எழுத்து இருந்தால் முடியாது. புடவையின் முந்தானை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்குப் போய்விடும். சட்டைப்பை இடம் மாறும். காலண்டர், சுவர்க்கடிகாரம், கன்னத்து மச்சம் எல்லாமே காட்டிக்கொடுக்கும். குளோசப்பாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

திருப்ப முடியாவிட்டால் இரண்டு ஷாட்டுகளுக்கும் நடுவே எந்தப் பக்கமும் சாராத ஒன்றை வையுங்கள்: கொதிக்கும் பால், மேசை மேல் உள்ள கடிதம், இருவரையும் நேர் எதிரில் காட்டும் வைட். அப்படி எதுவும் எடுக்கவில்லையா? அதனால்தான் ஒவ்வொரு சீனிலும் இதுபோன்ற மூன்று சிறு ஷாட்டுகளை (இன்சர்ட்) எடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று மன்றாடுகிறேன். பத்து நிமிட வேலை.

### கை, டம்ளர், துண்டு இடம் மாறினால்

கன்டினியூட்டி. சாப்பாட்டுக் காட்சி எடுத்த ஒவ்வொரு மாணவருக்கும் இது வரும். முதல் டேக்கில் இலையில் மூன்று இட்லி, ஐந்தாவது டேக்கில் ஒன்று. நடிகர் கையை உயர்த்தும் நொடியிலோ தலையைத் திருப்பும் நொடியிலோ கட் வையுங்கள். அசைவைக் கண் தொடரும்போது இட்லியை யாரும் எண்ண மாட்டார்கள். அடுத்தவரின் குரலை அவர் முகம் வருவதற்கு அரை நொடி முன்பே தொடங்கிவிடுவதும் உதவும். காது முன்னால் போய்விட்டால் கண் தயங்காமல் பின்தொடரும்.

ஒரு மாணவர் படத்தில் அப்பா வேட்டியோடு பேசத் தொடங்கி, அதே உரையாடலின் முடிவில் லுங்கியில் இருந்தார். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த சீன். நாங்கள் முகம் மட்டும் தெரியும் ஷாட்டுகளை வைத்து மறுபடி கட்டினோம். வேட்டி சட்டகத்துக்கு வெளியே போனது மட்டுமல்ல, சீனே கூர்மையாகிவிட்டது. அந்த மாணவர் இப்போது எடுக்கும் படங்களில் முகத்தை நம்பிக் கேமராவை வைக்கிறார்.

### எல்லாம் சரியாக இருந்தும் குதித்தால்

இரண்டு ஷாட்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே கோணம். மிட் ஷாட்டிலிருந்து இன்னொரு மிட் ஷாட்டுக்கு வெட்டினால் ஆள் துள்ளியது போல் தெரியும். அளவை நன்றாக மாற்றுங்கள் அல்லது கோணத்தைக் குறைந்தது 30 டிகிரி நகர்த்துங்கள். எடுத்து முடித்தாகிவிட்டது, கேமரா 4கே என்றால், இரண்டாவது ஷாட்டைப் பெரிதாக்கிக் குளோசப் ஆக்கலாம்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் பேட்ச் ஷூட், அதாவது தேவையான ஷாட்டுகளை மட்டும் பிறகு எடுப்பது. முழு சீனையும் வேண்டாம். எந்த இரண்டு ஷாட் வேண்டும் என்று எடிட்டரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள்.

## அறிகுறி: சீன்கள் நன்றாக இருக்கின்றன, படம் இழுக்கிறது

பயிற்சிக்கும் படத்துக்கும் உள்ள தூரம் வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சீனும் கைதட்டல் வாங்கும். 22 நிமிடம் சேர்ந்து ஓடும்போது பார்ப்பவர் நாற்காலியில் நெளிகிறார்.

சோதனை ஒன்று: படத்தை அறியாத மூன்று பேரை உட்காரவைத்து ஓட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். யாராவது அசையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். நண்பர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள். ‘கதையைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் தவறாகச் சொல்லும் இடத்திலும் விட்டுவிடும் இடத்திலும் உங்களுக்கு வேலை இருக்கிறது.

சோதனை இரண்டு: சீனுக்கு ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்ன நடக்கிறது என்று எழுத வேண்டாம். அந்த சீன் முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். எழுத எதுவும் கிடைக்காத அட்டையை எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டிப் பாருங்கள்.

இனி காரணங்கள். எளியது, ஷாட்டின் தலையும் வாலும். பைக் வந்து நிற்கிறது, ஸ்டாண்டு போடுகிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், படி ஏறுகிறார், மணி அடிக்கிறார், கதவு திறக்கிறது, பிறகுதான் சீன். கதவு திறந்த முகத்திலிருந்து தொடங்குங்கள். இந்த ஒரு வேலையிலேயே 22 நிமிடப் படம் 17 நிமிடம் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஒரே செய்தி இரண்டு சீன்களில். வேலை போய்விட்டது என்று அவன் முகத்தில் பார்த்துவிட்டோம். நண்பனிடம் சொல்வதையும் எதற்குக் கேட்க வேண்டும்?

மூன்றாவது வலிக்கும். எடுக்கச் சிரமப்பட்ட ஷாட். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு போய், மீன் ஏலத்துக்கு நடுவே எடுத்த அந்தக் காட்சிக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பார்ப்பவருக்கு அது தெரியாது. அதை அழிக்கச் சொல்லவில்லை. வேறொரு டைம்லைனில் பத்திரமாக வைத்துவிட்டு, இது இல்லாமல் படத்தை ஒருமுறை ஓட்டுங்கள்.

கடைசிக் காரணம் திரைக்கதை. யாருக்கு என்ன வேண்டும் என்பது நான்காவது நிமிடம் வரை தெரியவில்லை என்றால் எடிட்டால் ஓரளவுதான் முடியும். சீன் வரிசையை மாற்றிப் பாருங்கள். பத்து நாள் படத்தைத் தொடாமல் இருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறொரு எடிட்டரிடம் முழு ரஷ்ஷையும், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள் அனைத்தையும், கொடுங்கள். உங்கள் படப்பிடிப்பில் நிற்காதவராக அவர் இருக்க வேண்டும்.

## அறிகுறி: நடிப்பு பொய்யாகத் தெரிகிறது

ஒலியை அணைத்துப் பாருங்கள். முகம் உண்மையாக இருந்தால் கோளாறு வசனத்தில். மதுரைப் பாட்டி செய்தி வாசிப்பது போல் பேசினால் எந்த நடிகையாலும் காப்பாற்ற முடியாது. பல வரிகளை எடுத்துவிடலாம். கேட்பவரின் முகத்தை வைத்தால் சொல்லாததும் புரியும்.

முகமும் பொய்யாக இருந்தால் முதல் டேக்கையும், ‘கட்’ சொன்ன பிறகு ஓடிய நொடிகளையும் தேடுங்கள். நடிகர் தளர்ந்து இயல்பாகும் அந்த நொடிகளில் எத்தனையோ நல்ல பார்வைகள் கிடைத்திருக்கின்றன. இனி எடுக்கப்போகும் காட்சிகளில் ‘சோகமாக இரு’ என்று சொல்லாதீர்கள். ‘அவர் உன்னைப் பார்க்காதபடி அந்தச் சட்டையை மடித்து வை’ என்று ஒரு செயலைக் கொடுங்கள்.

## அறிகுறி: டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது

கொம்பு தள்ளி நிற்கிறது, புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. டைட்டில் எழுதியதும் ‘கொ, தௌ, க்ஷ, ஸ்ரீ’ என்று தட்டிப் பாருங்கள். நான்கும் சரியாக வந்தால் மற்றவையும் வரும். உடைந்தால் ஃபான்ட் யூனிகோடுதானா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் உதவாவிட்டால், எழுத்து சரியாக வரும் வேறொரு மென்பொருளில் டைட்டிலைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வையுங்கள். படத்தில் உழைத்தவர்களின் பெயர்களைப் பிழையில்லாமல் போடுவது நம் கடமை. எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

## அறிகுறி: கோப்புகளைக் காணவில்லை

திரை முழுதும் சிவப்பாகி ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வந்தால், பெரும்பாலும் ஃபோல்டர் பெயர் மாறியிருக்கும் அல்லது கணினியில் டிஸ்க் வேறொரு டிரைவ் எழுத்தில் ஏறியிருக்கும். மறுபடி இணைத்தால் வந்துவிடும்.

கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால், அந்த நொடியே கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். அதில் ஒரு புகைப்படம்கூட எடுக்கக் கூடாது. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டுப் பாருங்கள். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுதுங்கள்.

ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் எதையும் முயலாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு ஆட்களிடம் நேராகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறை இணைப்பதும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இந்த நிலை வராமலிருக்க மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். கார்டை அழிக்கும் முன் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, சில கோப்புகளின் தொடக்கம், நடு, முடிவை ஓட்டிவிடுங்கள்.

## அறிகுறி: லேப்டாப்பில் சரி, தியேட்டரில் வேறு மாதிரி

இருட்டாகத் தெரிந்தால்: லேப்டாப் வெளிச்சத்தை முழுதும் ஏற்றி வைத்து நிறம் பார்த்திருப்பீர்கள். இருட்டறையில், வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வசனம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டால்: உங்கள் ஒலி ஸ்டீரியோ. தியேட்டரில் வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டும். ஒலியை ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரிக்கும் 5.1 மிக்ஸ் தேவை; இதற்கு ஒலிக்கலவையாளரிடம் போகத்தான் வேண்டும். படத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கேமரா வாடகைக்குத் தராமல் இதற்குப் பிடித்து வையுங்கள்.

பக்கவாட்டில் மெல்லிய கறுப்புப் பட்டை என்றால் கோளாறே இல்லை. 1920-க்கு 1080-இல் எடுத்த படம், தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பான டிசிபி-யின் 1998-க்கு 1080 சட்டகத்தில் உட்காரும்போது அப்படித்தான் இருக்கும். டிசிபி-யை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். படத்தை 24 ஃபிரேமில் எடுத்திருந்தால் எங்கும் தடையில்லை. 25-இல் எடுத்திருந்தால் அந்தத் தியேட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரையிடலுக்கு முந்தைய நாள் அந்தத் தியேட்டரின் ஆபரேட்டரைப் பார்த்து, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மிக மெதுவாகப் பேசும் சீனையும் மிக இருட்டான சீனையும் பாருங்கள்.

## ஆளை அழைக்கும்போது கொண்டுபோக வேண்டியவை

ஒலிக்கலவையாளரிடமோ கலரிஸ்ட்டிடமோ போகும் நாளில் பூட்டிய எடிட், மூலக் கோப்புகள் அனைத்தும் உள்ள டிஸ்க், டைம்கோடு (ஓடும் நேரம்) திரையில் தெரியும்படி பதித்த ஒரு வீடியோ, கோளாறுகளை நிமிட நொடியோடு எழுதிய ஒரு தாள் ஆகியவை கையில் இருக்கட்டும். அந்தத் தாளில் ‘ஒலி சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘4:12-இல் அம்மா சொல்லும் கடைசிச் சொல் ஃபேன் சத்தத்தில் மறைகிறது, வேறு டேக் இல்லை’ என்று எழுதுங்கள். மணிக்கணக்கில் காசு வாங்கும் இடத்தில், அந்த ஒரு வரி அரை மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.